அந்தக் கேள்வியைக் கேளுங்கள், டாக்டர்

அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, உள்ளே வரலாமா வேண்டாமா என்று கதவோரம் நின்றுகொண்டிருக்கும் தம்பிகளே!

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் முதல் நாள் கூட்டத்தில் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்கு மனப்பாடம். ஊசி, ரத்தம், தாயிடமிருந்து பிள்ளைக்கு, பாதுகாப்பில்லாத உறவு. சட்டையில் சிவப்பு ரிப்பனைக் குத்திக்கொண்டு உறுதிமொழி எடுத்துவிட்டுக் கலைந்து போவோம். இன்று அதை விட்டுவிடுகிறேன். ஆண்மீது ஈர்ப்புக் கொண்ட ஆண்களுக்கும் திருநங்கையருக்கும் எச்.ஐ.வி.யும் மற்ற பால்வினை நோய்களும் ஏன் இவ்வளவு கூடுதலாக வருகின்றன என்பதைப் பற்றி மட்டும் பேசட்டுமா என்று இந்த நூலகத்தின் நூலகரிடம் கேட்டேன். தயங்காமல் சரி என்றார். அவருக்கு என் நன்றி. அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் பணிக்காலத்தைக் கழித்தவள் நான். அங்கே பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன். முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

2021-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு எடுத்த கணக்கு இருக்கிறது. இந்தியாவில் வயது வந்தோரில் ஆயிரம் பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல். திருநங்கையரில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட நான்கு பேர். பதினைந்து மடங்கு, பதினெட்டு மடங்கு.

இந்தக் கணக்கைச் சொன்னதும், “அவர்கள் வாழ்கிற வாழ்க்கை அப்படி” என்று ஒருவராவது மனசுக்குள் சொல்லியிருப்பீர்கள். அதைத்தான் மறுக்க வந்திருக்கிறேன்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். ஆசனவாய்க்கு உள்ளே இருக்கும் சவ்வு மிக மெல்லியது. எளிதில் கீறல் விழும். எச்.ஐ.வி. குடியேறத் தேடுகிற செல்கள் அதன் அடியிலேயே கூட்டமாக இருக்கின்றன. அதனால், கிருமி உள்ளவரோடு ஆணுறை இல்லாமல் ஒரு முறை உறவு கொண்டால், பெண்ணுறுப்பு வழியாகத் தொற்றுவதைப்போல ஏறத்தாழ பதினேழு மடங்கு வாய்ப்பு இந்த வழியில் இருக்கிறது. அங்கே இருப்பது ஆணா பெண்ணா என்று கிருமி பார்ப்பதில்லை. அடுத்தது, அவர்கள் பழகும் வட்டம் சின்னது. ஒரு சின்ன வட்டத்துக்குள் நோய் நுழைந்துவிட்டால், அதில் இருப்பவர் ஒரே ஒரு துணையோடு பழகினாலும், அந்தத் துணைக்குக் கிருமி இருக்கும் வாய்ப்பு வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு. உங்கள் வீட்டுப் பிள்ளை எப்படிப் பழகுகிறானோ அப்படியேதான் அவனும் பழகுகிறான். ஆபத்து மட்டும் ஒன்றாக இல்லை.

ஆனால் உடம்பும் வட்டமும் பாதிக் கதைதான். மீதிக் கதை மருத்துவரின் மேசையில் நடக்கிறது.

ஓர் இளைஞன் என்னிடம் வந்தான். பனியன் கம்பெனியில் வேலை. கையில் மூன்று டாக்டர் சீட்டுகள். மூன்றிலும் மூலம் என்று எழுதியிருந்தது. மலம் கழிக்கும்போது உயிர் போகிற வலி, ரத்தம், சளி போல ஏதோ ஒழுகுகிறது. களிம்பு தடவியிருக்கிறான். காரத்தை விட்டிருக்கிறான். அம்மா துத்திக்கீரையும் கருணைக்கிழங்குமாகச் சமைத்துப் போட்டிருக்கிறார். மாதக் கணக்கில் குறையவில்லை. நான் சீட்டுகளை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டேன்: “தம்பி, உனக்குப் பழக்கம் ஆண்களோடயா, பெண்களோடயா, ரெண்டு பேரோடயுமா?” அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “இதை யாருமே கேக்கல மேடம்.” பஞ்சுக் குச்சியில் சளி எடுத்துப் பார்த்தோம். வெட்டை நோய். ஊசி போட்டோம், சரியாகிவிட்டது. மூன்று பேர் பார்த்தும் பிடிபடாத நோயை ஒரு கேள்வி பிடித்துவிட்டது.

அவனுக்காவது வலி இருந்தது. தொண்டையிலும் ஆசனவாயிலும் தங்குகிற வெட்டையும் கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை நோயும் பெரும்பாலும் ஓர் அறிகுறியும் காட்டாமல் இருக்கும். சிறுநீரை மட்டும் சோதித்தால் “ஒன்றும் இல்லை” என்று முடிவு வரும். எங்கே சோதிக்க வேண்டும் என்பது உறவு எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் தெரியும். நோயாளி வாய் திறந்தால்தான் அது தெரியும். அவர் வாய் திறக்க வேண்டுமானால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் மாறக் கூடாது.

மருத்துவர்களின் முகம் ஏன் மாறுகிறது? எங்களுக்குப் பாடமே அப்படித்தான் நடத்தப்பட்டது. இயல்பான விருப்பத்தைக் குற்றமாகவும் கோளாறாகவும் எழுதிய புத்தகங்களைப் படித்துத்தான் நாங்கள் பட்டம் வாங்கினோம். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இத்தகைய விருப்பம் கொண்டவர்களை “மாற்றிக் காட்டுகிறேன்” என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைக்குத் தடை விதித்தார். அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. இதே ஆணையம் 2024-இல் வெளியிட்ட பாடத்திட்டத்தில் பழைய பாடம் திரும்ப எட்டிப்பார்த்தது. எதிர்ப்பு வந்த பிறகு விலக்கிக்கொண்டார்கள். தலைமை மருத்துவர் அவர்களே, உங்களிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் எந்த ஆண்டுப் புத்தகத்தைப் படித்தார்கள் என்று தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

சட்டமும் நெடுங்காலம் நோயின் பக்கம்தான் நின்றது. 2001-இல் லக்னோவில், ஆணுறை கொடுத்து விழிப்புணர்வு செய்துகொண்டிருந்த தொண்டர்களையே, ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைக் காட்டிச் சிறையில் அடைத்தார்கள். அந்தப் பிரிவை எதிர்த்து அதே ஆண்டு தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, எச்.ஐ.வி. பணி செய்துவந்த நாஸ் அறக்கட்டளை. குற்றவாளி என்று முத்திரை குத்தினால் அவன் மருத்துவமனைக்கு எப்படி வருவான் என்பதுதான் அவர்கள் கேட்டது. 2009-இல் வென்றார்கள், 2013-இல் தோற்றார்கள், 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தளையை அவிழ்த்தது. சட்டம் அவிழ்ந்துவிட்டது. வீடு அவிழவில்லை.

வீடு என்றதும் கல்யாணத்துக்கு வருகிறேன். “ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடுவான்” என்று பெண் பார்க்கிறோம். எதுவும் சரியாவதில்லை. அவன் பயந்து பயந்து, இருட்டில், அவசரத்தில், ஆணுறை வாங்கிக்கூட வைக்க முடியாமல் வெளியே போகிறான். கர்ப்பகாலச் சோதனையில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருப்பது தெரிந்து, ஏன் எப்படி என்று தெரியாமல் ஒரு பெண் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அழுகைக்கு அவள் கணவனை மட்டும் பொறுப்பாக்கி என்னால் நகர முடியவில்லை. பந்தல் போட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

திருநங்கையர் விஷயம் இன்னும் கொடுமை. தமிழ்நாடு 2008-லேயே அவர்களுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம். அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாமல் பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை செய்கிற மாநிலம். இது நமக்குப் பெருமைதான். ஆனால் காய்ச்சலுக்கு வருகிறவளின் ஓ.பி. சீட்டில் பழைய ஆண் பெயர் இருக்கிறது. அதைக் கூடமே கேட்கக் கூவுகிறார்கள். நூறு தலைகள் திரும்புகின்றன. அவள் எழுந்து போய்விடுகிறாள். அடுத்து அவள் வரும்போது நோய் முற்றியிருக்கும். வாடகைக்கு வீடு கிடைக்காது, வேலை கிடைக்காது. கடைகளில் காசு கேட்கிறார்கள், பலர் பாலியல் தொழிலுக்குப் போகிறார்கள். அங்கே ஆணுறை வேண்டாம் என்றால் கூடுதல் பணம் தருகிறேன் என்கிறவன் வருகிறான். அவள் பையில் ஆணுறை இருந்தால் அதையே சாட்சியாகக் காட்டி மிரட்டும் காவலர்களும் உண்டு. சித்திரையில் கூவாகத்தில் நடக்கும் திருநங்கையர் திருவிழாவில் நாம் முகாம் போடுகிறோம், பத்திரிகைகள் வண்ணப்படம் போடுகின்றன. முகாம் நல்லதுதான். அவள் ஆண்டு முழுவதும் வாழ்வது கூவாகத்தில் இல்லையே!

இவ்வளவையும் சொல்கிறேனே, நம்பிக்கைக்கு இடமில்லையா? நிறைய இருக்கிறது. 1986-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தது நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அன்று அது மரணச் செய்தி. 2004-இல் தாம்பரம் சானடோரியம் உள்பட சில மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாக வந்தது. 2017 முதல், கிருமி இருப்பது உறுதியானதுமே மருந்து தொடங்கலாம் என்றாகிவிட்டது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி சோதனைக்கே பிடிபடாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படிக் குறைந்தவரிடமிருந்து உறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஐரோப்பாவில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருந்த 782 ஆண் ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2019-இல் முடிவு வெளிவந்தது. ஆணுறை இல்லாமல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முறை உறவு நடந்திருக்கிறது. மருந்தால் கிருமி அடங்கிய துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. ஒருவருக்குக்கூட! மாத்திரை சாப்பிடுகிற அந்தப் பிள்ளையைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று இன்னும் தட்டைத் தனியாக வைக்கிற வீடுகள் இருக்கின்றனவே, அந்த வீடுகளுக்கு இதைக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

கிருமி இல்லாதவர்கள் முன்கூட்டியே சாப்பிட்டுத் தொற்றைத் தடுத்துக்கொள்ளும் மாத்திரையும் இருக்கிறது. பிரெப் என்பார்கள். இந்தியாவிலேயே தயாராகிறது. எச்.ஐ.வி. சோதனை செய்துகொண்டு, மருத்துவர் சீட்டோடு வாங்கலாம். பயப்படும்படி ஏதாவது நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். கதவோரத் தம்பிகளே, இந்த 72-ஐ மறக்காதீர்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், அன்றிரவே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள்.

இன்னும் ஒன்று, வெளிப்படையாகவே சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பட்டால் ஆணுறையின் ரப்பர் இளகிக் கிழியும். தண்ணீரில் கரையும் ஜெல்தான் வேண்டும். இந்த ஒரு வரியை யாரும் சொல்லாததால் நோய் வாங்கியவர்கள் உண்டு. முன்னே சொன்ன தடுப்பு மாத்திரைகள் எச்.ஐ.வி.யைத்தான் தடுக்கும், சிபிலிஸைத் தடுக்காது. சிபிலிஸ் வலிக்காத ஒரு புண்ணாக வரும். மருந்து போடாவிட்டாலும் சில வாரங்களில் தானாக ஆறும். ஆறியதும் போய்விட்டது என்று நினைப்போம். அது உள்ளே இருக்கும். தொடக்கத்திலேயே பிடித்தால் பென்சதின் பென்சிலின், 24 லட்சம் யூனிட், ஒரே தடவை போடுகிற மருந்து. அவ்வளவுதான் செலவு. கல்லீரலைக் கெடுக்கும் மஞ்சள் காமாலை பி வகைக்கு மூன்று தவணைத் தடுப்பூசி இருக்கிறது. மருத்துவமனையில் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை இலவசம். பெயர் வெளியே போகாது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதமில்லாமல் சோதிப்பதும், முடிவை வெளியே சொல்வதும் தவறு. கூச்சமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள், இலவசம்.

தலைமை மருத்துவர் அவர்களே, மேடையில் வைத்துக் கேட்பதற்குப் பொறுத்தருள வேண்டும். தனியே கேட்டால் கோப்பு போட வேண்டும் என்பீர்கள். ஓ.பி. சீட்டில் திருநங்கை சொல்கிற பெயரை எழுதச் சொல்லுங்கள். அதற்கு அரசாணை வர வேண்டாம், பேனா இருந்தால் போதும். வேலைக்குப் போகிறவர்கள் பகலில் வர முடியாது. வாரத்தில் ஒரு நாள் மாலை, இரண்டு மணி நேரம் பால்வினை நோய்ப் பிரிவைத் திறந்து வையுங்கள். மருந்துக்கடைக்காரர்களே, ஜெல்லை ஆணுறைக்குப் பக்கத்திலேயே, கேட்காமல் எடுக்கிற இடத்தில் வையுங்கள். மாலை நேரத்துக்கு டாக்டர் இல்லை என்று சொல்லாதீர்கள், ஐயா. நான் ஓய்வுபெற்று வீட்டில்தான் இருக்கிறேன். சம்பளம் வேண்டாம். எந்தக் கிழமை என்று மட்டும் சொல்லுங்கள், வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.