ஊர்வாயும் உலைமூடியும்

உலை வாயை மூட மூடி உண்டு, ஊர் வாயை மூட மூடி இல்லை என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த மூடியையும் செய்துவிடலாம் என்று அரசுகள் எண்ணத் தொடங்கிவிட்ட காலம் இது. இணையத்திலே எழும் பேச்சைச் சட்டத்தினாற் கட்டுப்படுத்தலாமா? கட்டுப்படுத்துவதாயின், அந்த அதிகாரம் யார் கையில் இருத்தல் வேண்டும்? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பாண்டிருப்பிலே நின்று இதனைச் சற்றுப் பார்ப்போம். தெற்கே கல்முனைப் பட்டினம். வடக்கே கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனை. நடுவே திரௌபதி அம்மன் தீமிதிப்புக்குப் பெயர்போன பாண்டிருப்பு. இந்துக்களும் இசுலாமியரும் ஒரே வீதியாற் சந்தைக்குப் போகின்றனர். ஒரே மொழியில் விலை பேசுகின்றனர். இப்படி அடுத்தடுத்து வாழும் ஊர்களில் ஒரு வதந்தி என்ன கேட்டைச் செய்யும் என்பதை எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவு அம்பாறை நகரில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். முஸ்லிம் ஒருவருடைய உணவுக் கடையில், கறியிலே ஏதோ கட்டி கிடப்பதாக ஒருவர் சத்தமிட்டார். அது கருத்தடை மாத்திரை என்றார். கடையிலிருந்த காசாளர் தமிழ் பேசுபவர். சிங்களம் நன்கு அறியாதவர். சூழ்ந்து நின்றோர் கேட்ட கேள்வி விளங்காமல் அவர் ஏதோ ஆமென்று சொல்லிவைத்தார். அந்தக் காட்சி கைத்தொலைபேசியிற் பிடிக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. கடை நொறுக்கப்பட்டது; பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பின்னர் அரச பகுப்பாய்வாளர் அந்த உணவைச் சோதித்தார். மாத்திரை எதுவும் இல்லை. இருந்தது மாவுக் கட்டியே. உண்டாரை மலடாக்கும் அத்தகைய மாத்திரை மருத்துவ உலகிலேயே இல்லை.

ஆனால் மெய் வந்து சேர்வதற்குள் தீ திகனைக்குப் போய்விட்டது. மார்ச் மாதத் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசு அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து, மார்ச் 7ஆம் நாள் முகநூல், வாட்சப் முதலிய சமூக ஊடகங்களை முடக்கியது. ஏறக்குறைய ஒரு வாரம் அந்த முடக்கம் நீடித்தது. தன் மேடை அவ்வன்செயலுக்குத் துணைபோனதற்காக முகநூல் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020ஆம் ஆண்டிலேதான்.

அப்படியானால் முடக்கியது சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கலகக்காரர் கையில் இருக்கும் தீவட்டியைப் பறிப்பது அரசின் கடமை. ஆனால் இந்த முடக்கம் பொய்யையும் மெய்யையும் பிரித்தறியாது. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஏப்ரல் 26ஆம் நாள் இரவு கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருதில் வெடியோசை கேட்டபோதும் அந்த முடக்கம் இருந்தது. கட்டாரிலும் சவுதியிலும் உழைக்கும் பிள்ளைகளுக்கு, "நாங்கள் உயிரோடு இருக்கிறோம்" என்று சொல்ல வீட்டார் வழக்கமாக நாடும் வழி அன்று அடைபட்டிருந்தது. மறைவழி தெரிந்தவரோ பூட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

2022 ஏப்ரல் 3ஆம் நாள் அதே பூட்டு மீண்டும் போடப்பட்டது. அன்று நாட்டில் இனக்கலவரம் ஒன்றும் இல்லை. எரிபொருளும் மின்சாரமும் இன்றித் தவித்த மக்கள் அரசை எதிர்த்து ஒன்றுகூட இருந்தார்கள், அவ்வளவுதான். மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டது. அன்றே பூட்டுத் திறந்தது. கலகத்தை அடக்கச் செய்த கருவி கேள்வியை அடக்கப் பயன்பட நான்கு ஆண்டுகள் போதுமாயிருந்தன.

சட்டமும் அப்படித்தான். இன வெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் என்பது அதன் பெயர். சிறுபான்மையோருக்குக் கேடயமாக வேண்டிய அச்சட்டத்தின் கீழ், 2020 ஏப்ரலில் ரம்ஸி ராஸிக் என்னும் ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் கைதானார். வெறுப்பை எதிர்த்துப் பேனாவாலும் விசைப்பலகையாலும் போராட வேண்டும் என்னும் கருத்துப்பட முகநூலில் எழுதியமையே காரணம். ஐந்து மாதங்களுக்கு மேல் அவர் மறியலில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில். கேடயம் என்று நாம் நம்பியது வாளாகி நம்மையே நோக்கித் திரும்பிய கதை இது.

இந்த அநுபவத்தோடுதான் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நாம் நோக்க வேண்டும். அது 2023 ஒக்டோபரில் சட்டமூலமாகப் பாராளுமன்றத்துக்கு வந்தது. முப்பதுக்கு மேற்பட்ட வாசகங்கள் திருத்தப்பட வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். 2024 சனவரி 24ஆம் நாள் 62 வாக்குகளுக்கு எதிராக 108 வாக்குகளால் அது நிறைவேறியது. நீதிமன்றம் கூறிய திருத்தங்கள் முற்றாகச் சேர்க்கப்படவில்லை என்ற குறை அப்போதே எழுந்தது. ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்று, ஒரு கூற்றைப் பொய்யெனக் கண்டு, 24 மணித்தியாலத்துள் நீக்குமாறு பணிக்க அச்சட்டம் இடமளித்தது.

நேயர்களே, பொய்யைத் தண்டிப்பதை எவரும் மறுக்கார். எது பொய் என்று சொல்பவர் யார் என்பதே வினா. வானொலிக்கும் இது பழகிய வினாதான். 1997ஆம் ஆண்டில் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தபோது, அரசின் பிடிக்குள் இருக்கும் சபையிடம் அலைவரிசைகளை ஒப்படைத்தல் ஆகாது என்று உயர் நீதிமன்றம் முடிவு கூறியது. அலைவரிசைக்குப் பொருந்திய அந்த நியாயம் இணையத்துக்கும் பொருந்தும். ஆளுங்கட்சி மாறினாலும் மாறாத நடுவர் வேண்டும். நீக்குமுன் எழுதியவரைக் கேட்கும் முறையும் வேண்டும்.

அதனினும் பெரிய மருந்து ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நம் கரையை வாரிக்கொண்டு போனதை மறந்தவர் இல்லை. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் கடல் நடுங்கியபோது எச்சரிக்கை விரைந்து வந்தது. கரையோர மக்கள் உள்ளே சென்றார்கள். அபாயம் நீங்கிற்று என்ற செய்தியும் அன்றே வந்தது, வீடு திரும்பினார்கள். நம்பத்தக்க வாய் விரைந்து பேசினால் வதந்திக்கு நிற்க இடமில்லை. அம்பாறையில் அந்த இரவிலேயே இரு மொழியும் அறிந்த ஓர் அதிகாரி அக்கடை வாசலில் நின்று பேசியிருந்தால், அக்காசாளரின் ஒரு சொல் அவ்வளவு தூரம் போயிராது.

நம் கடமையும் ஒன்றுண்டு. செய்தி கொண்டுவருபவனைத் தீர விசாரியுங்கள் என்பது திருக்குர்ஆனின் கட்டளை. தீர விசாரிப்பதே மெய் என்பது தமிழர் பழமொழி. இரு சாராரும் தத்தம் வீட்டிற் கேட்டு வளர்ந்த பாடம் ஒன்றே. கையிலுள்ள தொலைபேசியில் ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்ப விரல் எழும்போது அப்பாடம் நினைவுக்கு வருமாயின், உலைமூடி தேடி எவரும் அலைய வேண்டியிராது.