பக்கவாதமும் ஊராட்சியின் பொறுப்பும்

(ஊராட்சி அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்காகவே இத்தகைய முகாம்களில் நாம் கூடுவது வழக்கம். இன்று அவற்றைச் சற்று ஒதுக்கிவைத்து, கை கால் விழுந்து திண்ணையில் படுத்திருப்பவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு ஒரு சிற்றூரில் சிமெண்டுச் சாலையை அளந்து பார்க்கச் சென்றிருந்தோம். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். எட்டு மாதங்களுக்கு முன் விடியற்காலையில் மோட்டார் போடச் சென்றவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டாராம். வலக்கையும் வலக்காலும் அசையவில்லை. வாய் கோணிப் பேச்சும் நின்றுவிட்டது. வீட்டார் பதறிப்போய், யாரோ சொன்னபடி புறாவின் இரத்தத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, மறுநாள் மாலையில்தான் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருக்கின்றனர். உயிர் பிழைத்தது. பத்து நாட்களில் வீடு திரும்பினார். “பயிற்சி கொடுக்கச் சொன்னாங்கய்யா; எப்படிக் கொடுக்கிறதுன்னு தெரியலை” என்றார் அவருடைய மனைவி. வீடு தேடி வந்து பயிற்சி தரும் ஏற்பாடு வட்டாரத்தில் இருப்பதை அந்த அம்மாள் அறியவில்லை. இப்படி ஒருவர் கிடப்பதை நாமும் அறியவில்லை. இரண்டில் எது பெரிய பிழை என்று எண்ணியவாறே அன்று திரும்பினோம்.

நோயின் தன்மையை விவசாயிகளுக்கு விளக்குவது எளிது. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் வாய்க்காலில் அடைப்பு ஏற்படலாம். அல்லது கரை உடைந்து இரத்தம் கசியலாம். அடைப்பே மிகுதி. இரண்டில் எது என்பதை சி.டி. ஸ்கேன் படம் எடுத்தாலன்றி எவராலும் சொல்ல இயலாது. அடைப்பாயின் கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. அதை நோய் கண்ட நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். கரை உடைந்தவருக்கோ அதே மருந்து ஆபத்தாய் முடியும். ஆகவே முகம் ஒருபுறம் கோணினாலும், ஒரு கை தாழ்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் உடனே 108-க்குச் சொல்லுங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மாத்திரை எதுவும் வேண்டாம். ஒரு வாய்த் தண்ணீரும் வேண்டாம். விழுங்கும் திறன் குறைந்திருந்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

இனி, வீடு திரும்பிய பின் நடக்க வேண்டியவை. முன்னேற்றம் மிகுதியாகக் காண்பது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான். பருவம் தவறிய விதைப்பு முழு விளைச்சல் தராதென்பது உங்களுக்குத் தெரியும். ஆயினும் தரிசாகப் போட்டுவிடுவதில்லை அல்லவா? ஆறு மாதம் கடந்தும் பயிற்சியால் பயன் பெறுவோர் உண்டு.

படுத்தே இருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண் வராமல் காக்கலாம். விழுந்த கையைப் பற்றி இழுத்துத் தூக்குவது நாம் எங்கும் காணும் தவறு. தசை தளர்ந்த தோள்மூட்டு அதனால் நழுவிவிடும். பிறகு வலி தாளாமல் அவர் பயிற்சியையே வெறுத்துவிடுவார். சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கைத்தடி நல்ல கையில் இருக்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது பலமற்ற கால் முன்னே. உணவை நிமிர்ந்து உட்காரவைத்துச் சிறு கவளமாகக் கொடுக்க வேண்டும். நீர்த்த பானத்தைவிடக் கெட்டியான கூழ் பலருக்கு எளிதாக இறங்கும்.

விலை உயர்ந்த கருவிகள் இன்றியமையாதவை அல்ல. இடுப்புயரத்தில் இரண்டு மூங்கில்களை இணையாக நட்டுக் கட்டினால் நடைபழகும் கம்பிகள் ஆயின. விரல்களுக்குப் பல்லாங்குழியைவிட நல்ல பயிற்சியை நாம் கண்டதில்லை. புளியங்கொட்டையை எடுத்து எடுத்துக் குழியில் இடுவதற்குள் விரல்கள் படும் பாட்டைப் பாருங்கள்! பேச்சு இழந்தவரிடம் ‘ஆம்’, ‘இல்லை’ என்று தலையசைக்கத்தக்க கேள்விகளாகக் கேளுங்கள். பேச இயலாத சிலர் பழகிய பாட்டைப் பாடுவதும் உண்டு. அவருக்குப் புத்தி கெட்டுவிட்டதென்று அவர் காது கேட்கவே பேசுகிறார்களே, அதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். இந்நோய் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர். அதற்கும் சிகிச்சை உண்டு.

இவற்றையெல்லாம் மனைவியின் தலையிலோ மருமகளின் தலையிலோ சுமத்திவிட்டால் போதுமா? நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளர்களைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2017-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. வீட்டாருக்குப் பயிற்சியளித்துப் பொறுப்பை அவர்களிடம் விட்டுப் பார்த்தார்கள். ஆறு மாத முடிவில், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட அந்நோயாளர்கள் மேம்பட்டிருக்கவில்லை. வீட்டார் வேண்டும், ஆனால் பயின்ற கை ஒன்று இடையிடையே வந்து திருத்தவும் வேண்டும் என்பது நமது கருத்து.

அந்தக் கை அருகிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிப்பதையும் உள்ளடக்கியது. இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்குரிய மாத்திரைகளையும் மகளிர் தன்னார்வலர்கள் வீடு தேடிக் கொண்டுவருகின்றனர். மாத்திரையை நடுவில் நிறுத்துவது மறுமுறை வாதத்தை அழைப்பதாகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்தாலே வழி திறக்கும்.

ஊனம் நிலைத்துவிட்டதாக மருத்துவர் கருதினால், அரசு மருத்துவமனையில் சான்று பெறலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமுற்றோர் சலுகைகளுக்கு உரியவர். சக்கர நாற்காலி முதலியவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும்.

ஊராட்சிக்கும் வேலை இருக்கிறது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் அமைய வேண்டும். அளவுப் புத்தகத்தில் ஏறுவதற்கென்றே கட்டிய, மனிதர் ஏற முடியாத சாய்தளங்கள் பலவற்றை நாம் பார்த்திருக்கிறோம். அவற்றுள் ஒன்று நமது அலுவலக வாசலிலேயே இருந்தது. அதை இடித்துத் திருத்திய பின்னரே இதைச் சொல்லத் துணிந்தோம்.

அந்த விவசாயியின் செய்தியையும் சொல்லிவிடுகிறோம். இயன்முறை மருத்துவர் வந்து பயிற்சி தொடங்கி ஓராண்டு ஆகப்போகிறது. கைத்தடி ஊன்றி மோட்டார் கொட்டகை வரை நடக்கிறார். வலக்கை வரவில்லை, இனி வருமென்று சொல்வதற்கில்லை. பேச்சில் பத்துப் பதினைந்து சொற்கள் திரும்பியிருக்கின்றன. நிலக்கடலையை இடக்கையால் உரிக்கிறார். முதல் நாளே மருத்துவமனை சென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவருடைய மனைவி கேட்டபோது, நம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒவ்வொருவர் முன்பும் ஒரு தாள் வைத்திருக்கிறோம். உங்கள் ஊரில் இவ்வாறு படுத்திருப்பவர்களின் பெயரையும் தெருவையும், நோய் கண்டு எத்தனை மாதம் ஆயிற்று என்பதையும் எழுதி, மதிய உணவுக்கு எழுமுன் எம்மிடம் கொடுத்துவிடுங்கள்.