கூரைமேல் கேரியர்: காணாமல் போன ஒரு விளிம்பு

நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "கிராஷ் டெஸ்ட்ல கார் கூரை அந்தக் காரோட எடையைப் போல மூணு, நாலு மடங்கு தாங்குதுன்னு காட்டுறாங்க. அப்புறம் ஏன் கையேட்டுல 75 கிலோவுக்கு மேல கூரையில ஏத்தாதேன்னு போட்டிருக்கு? எங்க தாத்தா அம்பாசிடர் மேல மூட்டை மூட்டையா ஏத்திட்டுப் போவாரே?"

நிறையப் பேருக்கு இந்தச் சந்தேகம் இருக்கு. அந்த டெஸ்ட், கார் உருண்டு கவிழ்ந்தா உள்ள இருக்கிறவங்களைக் கூரை காப்பாத்துமான்னு பாக்கிறது. நிக்கிற காரோட கூரை மேல இரும்புத் தகட்டை வெச்சு மெதுவா அழுத்துவாங்க. கையேட்டுல இருக்கிற 75 ஓடுற காருக்கு. அவ்வளவு பாரத்தோட போயிட்டு இருக்கும்போது ஒரு சடன் பிரேக் அடிச்சா, ஏறக்குறைய 60 கிலோ விசையோட அந்தப் பாரம் முன்னால பாயப் பாக்கும். அதைப் பிடிச்சு நிறுத்த கேரியரோட நாலு கால்தான் இருக்கு. வளைவுல இன்னொரு தொல்லை. தலையில தண்ணிக் குடத்தோட ஓடுறவங்க சட்டுனு திரும்ப முடியாது இல்லையா, காரும் அப்படித்தான் ஒரு பக்கமா சாயும். காத்தையும் சேத்துக்கோங்க. மணிக்கு 100 கிலோமீட்டர்ல, எதிர்காத்தைத் தடுக்கிற ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பு மேலயும் கிட்டத்தட்ட 47 கிலோ அழுத்தம் விழும். வேகம் ரெண்டு மடங்கானா அது நாலு மடங்காகும்.

சரி, தாத்தாவோட அம்பாசிடருக்கு வருவோம். அங்கதான் எனக்குப் பிடிச்ச கதை இருக்கு.

ஆரம்பகாலத்து மூடின கார்கள்ல கூரையோட நடுப்பகுதி துணி. மரச்சட்டத்துல துணியை இழுத்துக் கட்டியிருப்பாங்க. கூரை முழுக்க மூடுற அகலத்துக்கு எஃகுத் தகடு உருட்ட அப்ப வழியில்லை. அதனால பெட்டி படுக்கை எல்லாம் வண்டியோட பின்பக்கத்துல போச்சு. அந்தக் காலத்துலயே கூரை மேல பாரம் ஏத்தின ஒரு விசித்திரம் உண்டு. முதல் உலகப் போர்ல பிரிட்டன்ல பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தப்ப, வண்டி மேல சட்டம் அடிச்சு, அதுல ராட்சசப் பையைக் கட்டி, நிலக்கரி வாயுவை நிரப்பி ஓட்டினாங்க. பை காத்துல கிழிஞ்சிடாம இருக்க மெதுவாத்தான் போகணும். அந்தப் படங்களை இப்பப் பாத்தாலும் எனக்கு வியப்பு அடங்கிறதில்லை.

1935ல ஜெனரல் மோட்டார்ஸ் 'டரெட் டாப்'ங்கிற பேர்ல முழு எஃகுக் கூரையைக் கொண்டுவந்தாங்க. பக்கத் தகடும் கூரைத் தகடும் சேர்ற இடத்துல ரெண்டையும் மடிச்சு வெல்ட் வைக்கிறது வழக்கமாச்சு. அந்த மடிப்பு ஓரமா மழைத்தண்ணி வடிய ஒரு விளிம்பு நின்னது. கதவைத் திறந்தா தலையில தண்ணி கொட்டக்கூடாது, அவ்வளவுதான் நோக்கம். ஆனா தகடு மேல தகடா வெல்ட் ஆன இடம், காரோட மேல்பாகத்துலயே உறுதியான இடங்கள்ல ஒண்ணு. கேரியரோட கொக்கியை அதுல மாட்டித் திருகினா போதும்.

அதுல இருந்த பெரிய வசதி என்னன்னா, ஒரு வண்டிக்கு வாங்கின கேரியர் அடுத்த வண்டிக்கும் உதவும். ஸ்வீடன்ல ஹில்லர்ஸ்டார்ப் பக்கம் 1942ல எரிக் துலின் ஆரம்பிச்ச துலே நிறுவனம் முதல்ல வித்தது மீன் பிடிக்கிற பொறி. 1962லதான் அவங்க கார் கேரியருக்கு வந்தாங்க. நம்ம ஊர்ல அதுக்கு நிறுவனமே தேவைப்படல. பட்டறைக்காரர் பைப்பை வளைச்சு, கால் வெச்சு, பெயின்ட் அடிச்சுக் கொடுத்துடுவார். அம்பாசிடர்லயும் ஆம்னியிலயும் அந்த விளிம்பு கண்ணுக்குத் தெரிஞ்சது, கைக்கும் எட்டுச்சு. தாத்தா ஏத்தின பாரம் அளவுக்கு மீறினதுதான். அந்தக் கால வேகத்துல பல நேரம் தப்பிச்சாங்க, அவ்வளவுதான்.

1973ல எண்ணெய் நெருக்கடி வந்துச்சு. பெட்ரோலை மிச்சப்படுத்த காரைக் காத்துல வழுக்கிட்டுப் போக வைக்கணும்னு பொறியாளர்கள் இறங்கினாங்க. 1982ல வந்த ஆடி 100 காரோட காத்துத்தடை எண் 0.30. அந்தக் காலத்துக்கு அது பிரமாதம். கண்ணாடியெல்லாம் உடம்போட ஒட்டி உட்காந்துச்சு. அந்தப் பத்தாண்டுல வந்த கார்கள்ல கதவே மேல்நோக்கி வளைஞ்சு கூரையைத் தொட, தண்ணி வடியிற விளிம்பு உள்ள ஒளிஞ்சுபோச்சு. பொறியாளர்கள் மேல எனக்குக் கோபம் இல்லை, அவங்க செஞ்சது சரிதான். ஆனா அதுக்கான விலையைக் கொடுத்தது காரை வாங்கினவங்க. ஒவ்வொரு மாடலுக்கும் தனிக் கால், தனிப் பிடி. கார் மாறினா காசு மறுபடியும் போகும்.

இப்ப நிஜமாவே வருத்தப்படுற இடத்துக்கு வர்றேன். விளிம்பு போன இடத்துல ரெயில் வந்துச்சு, கூரையோட ரெண்டு ஓரத்துலயும் நீளமா ஓடுற கம்பி. நம்ம நாட்டுல விக்கிற பல கார்கள்ல அது வெறும் அழகுக்கு! பாரம் தாங்காது. சில கையேடுகள்ல அதை எழுதியே வெச்சிருக்காங்க, ஆனா யார் படிக்கிறாங்க? குடும்பத்தோட ஊருக்குக் கிளம்புறவர் அந்தக் கம்பியை நம்பி நாலு பெட்டியைக் கட்டிடுவார். பழைய விளிம்பு யாரையும் இப்படி ஏமாத்தினதில்லை.

அதனால கேரியர் வாங்குறதுக்கு முன்னால கையேட்டைத் திறந்து, ரெயில் பாரம் தாங்குமா, எத்தனை கிலோன்னு பாருங்க. தாங்காதுன்னா கதவுச் சட்டத்துலயோ, நிறுவனமே கொடுத்திருக்கிற திருகு துளையிலயோ பூட்டுற கேரியர் உங்க மாடலுக்குன்னே கிடைக்குதான்னு தேடுங்க. காருக்கு ஒரு அளவு, கேரியருக்கு ஒரு அளவு இருக்கும். எது குறைவோ அதுதான் உங்க அளவு. கேரியரோட எடையும் அந்தக் கணக்குல சேரும். 75 கிலோ அனுமதி, கேரியர் 15, மேல வெச்ச மூடுபெட்டி 20ன்னா, சாமானுக்கு மிச்சம் 40 கிலோதான். நிக்கிறப்போ இவ்வளவு தாங்கும்னு, கார் கூரை மேல விரிக்கிற கூடாரம் விக்கிறவங்க சொல்ற பெரிய எண்ணை ஓடுற காருக்கு எடுத்துக்காதீங்க. கனமானது டிக்கியில, லேசானது மேல. ரப்பர் கயித்தை நம்பாதீங்க, அது இழுபட இழுபட சாமான் நகரும். இறுக்கிப் பூட்டுற பட்டை நாடா போடுங்க. ஏணி மாதிரி நீளமானதை முன்னாலயும் பின்னாலயும் கீழ இழுத்துக் கட்டணும். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, கால் திருகுகளை ஒரு தடவை அசைச்சுப் பாருங்க.

வேலை முடிஞ்சா கழட்டி வெச்சிடுங்க. அமெரிக்காவுல யூச்சே சென், ஆலன் மையர்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2016ல ஒரு கணக்குப் போட்டாங்க. கூரைக் கேரியர்களால 2015ல மட்டும் அந்த நாட்டுல கூடுதலா எரிஞ்ச பெட்ரோல் 10 கோடி கேலன், அதாவது ஏறக்குறைய 38 கோடி லிட்டர். காலியா ஓடின கேரியருக்கும் அதுல பங்கு உண்டு. பெட்ரோலை மிச்சப்படுத்தத்தான் அந்த விளிம்பையே எடுத்தாங்கங்கிறதை நினைச்சுப் பாருங்க.

கார் நிறுவனங்கள்கிட்ட எனக்கு ஒரு கோரிக்கை இருக்கு. டயர் காத்தழுத்தத்தைக் கதவோரத்துல ஸ்டிக்கரா ஒட்டுறீங்க. அதே மாதிரி கூரை ரெயில் பாரம் தாங்குமா, எத்தனை கிலோன்னு அந்த ரெயில்லயே பொறிச்சுக் கொடுங்க. தாங்காதுன்னா தாங்காதுன்னே எழுதுங்க, தமிழ்லயும் எழுதுங்க.