இசைக்கு எசமானன் உண்டா?

(புதுவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



பாட்டுக்கு அஞ்சிய ஆட்சி எப்படியிருக்கும் என்று புதுவை மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1908-இல் ஆங்கிலேயரின் பிடிக்குத் தப்பிப் பாரதியார் வந்தடைந்தது இவ்வூரைத்தான். இங்கிருந்து அவர் நடத்திய 'இந்தியா' ஏட்டைத் தம் எல்லைக்குள் நுழையவொட்டாது தடுத்தனர் ஆங்கிலேயர். அவர் மறைந்த பின்னும் அச்சம் அகலவில்லை. 1928-இல் அவர் பாடல் நூல்களைச் சென்னை அரசு பறிமுதல் செய்தது.

அது அயலார் ஆட்சி, வியப்பில்லை. மக்கள் பெயரால் நடந்த ஆட்சி இசையை எப்படி நடத்திற்று? சோவியத்து நாட்டைப் பாருங்கள்.

சீமான்கள் அமர்ந்து கேட்ட இசையரங்குகளைத் தொழிலாளர்க்குத் திறந்துவிட்டது அந்த ஆட்சி. அச்சாதனையை மறுப்பார் இல்லை. ஆனால், 1936 சனவரியில் நடந்ததென்ன? ஷோஸ்டகோவிச் இயற்றிய 'மெட்சென்ஸ்க் மாவட்டத்து மாக்பெத் சீமாட்டி' என்னும் இசை நாடகத்தைக் காண ஸ்டாலின் வந்தார். முடியுமுன்னே எழுந்து போய்விட்டார். இரண்டே நாளில், 28-ஆம் தேதி, கட்சி நாளேடாகிய 'பிராவ்தா' பெயரில்லாக் கட்டுரையொன்றில் அந்நாடகம் இசையே அன்று, குழப்பம் என்று தீர்ப்பளித்தது. ஈராண்டுகளாக மக்கள் கைதட்டி வரவேற்ற நாடகம் மேடையைவிட்டு இறங்கியது!

அதே ஷோஸ்டகோவிச்சின் ஏழாம் சிம்பொனிதான் 1942 ஆகஸ்டு 9-இல், முற்றுகைக்குள் கிடந்த லெனின்கிராடில் முழங்கியது. எலியாஸ்பர்க் தலைமையில், பசியால் மெலிந்த வானொலி இசைக்குழுவினர் வாசித்தனர். ஆள் போதாமையால் படையிலிருந்தும் இசைவாணர்களை அழைத்து வந்தனர். ஒலிபெருக்கிகள் அந்த நாதத்தை எதிரியின் செவிக்கும் கொண்டு சென்றன.

இதற்குக் கிடைத்த கைம்மாறு யாது? 1948 பிப்ரவரி 10-இல் ஷோஸ்டகோவிச், புரோகோஃபியெவ், கச்சதூரியன் முதலியோரை 'வடிவவாதிகள்' எனக் கண்டித்துக் கட்சித் தீர்மானம்! அத்தீர்ப்பு நேர்மையற்றதென்று 1958-இல் கட்சியே ஒப்புக்கொண்டது. கேட்டு மகிழப் புரோகோஃபியெவ் இல்லை. 1953 மார்ச்சு 5-இல், ஸ்டாலின் இறந்த அதே நாளில், அவரும் கண்மூடிவிட்டார்.

கட்சியேட்டைக் கையில் ஏந்தியிருக்கும் அன்பரே, எண்ணிப் பாருங்கள்! அரங்கு கட்டுவது அரசின் கடமை. ஏழைக்கும் அதில் இடமளிப்பது அதனினும் பெருங்கடமை. மெட்டமைப்பது அதன் வேலையன்று. பாட்டுப் பிடிக்காவிடில் எழுந்து போகும் உரிமை தலைவருக்கும் உண்டு. அரங்கிலுள்ள அனைவரையும் எழுப்பிக்கொண்டு போகும் உரிமை எவருக்கும் இல்லை!