காயல் துறைமுகமும் குதிரை வாணிபமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

நம் ஊர்ப் பனியன் பெட்டிகள் தூத்துக்குடி சென்று கப்பலேறுவதை அறிவீர்கள். அங்கிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் பழையகாயல் என்னும் சிற்றூர் உள்ளது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அதுவே பாண்டிய நாட்டின் பெருந்துறைமுகம். ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கள் அங்கே தங்கின என்று, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதியுள்ளார். பின்னர் தாமிரபரணியின் வண்டல் துறையைத் தூர்த்தது, கடல் விலகிற்று. அதற்கு முன் கொற்கைக்கும் அதுவே நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு ஆய்வு செய்த கால்டுவெல் பாதிரியாருக்குக் கிடைத்தவை சீன, அரபுப் பாண்டங்களின் உடைந்த ஓடுகள்.

நான் சொல்ல வந்தது அக்குதிரைகளைப் பற்றியே. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கின்படி, கீஷ் தீவின் மலிக் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. ஒன்றின் விலை 220 பொன் தீனார். வழியில் மடிந்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலமே விலை கொடுத்தது! ஒப்படைக்கும் முன் அழிந்த சரக்கின் நட்டம் விற்றவனையே சேரும் என்றல்லவா நாங்கள் மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் ஓதினோம்?

மார்க்கோ போலோ இன்னும் ஒன்று கூறுகிறார். வந்திறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடியுமுன் மடிந்தன. அவற்றைப் பேணத் தெரிந்தவர் இங்கில்லை. லாடம் கட்டி வைத்தியம் செய்வோரை வணிகர்கள் அழைத்து வரவுமில்லை, வர விடவுமில்லை. குதிரை செத்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம்! அவ்வணிகருள் நம்மவர் பலர் என்று சொல்ல நாக் கூசுகிறது. அயல்நாட்டுப் பயணியின் கூற்று, மிகையாகவும் இருக்கலாம். ஆயினும் காயலின் பெருமையை அவர் எழுத்தைக் காட்டிப் பேசும் நாம், இதை மட்டும் தள்ளிவிட இயலாது.

இதனால்தான் காயல் அழிந்தது என்று நான் கூறமாட்டேன். அதைத் தூர்த்தது ஆற்று மண்.

நம் நொய்யல் மண்ணால் கெடவில்லை, சாயக்கழிவால் கெட்டது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நமக்கு வந்த நட்டத்தை வீதிதோறும் பேசினோம். ஒரத்துப்பாளையம் அணைப் பகுதியில் நிலமும் கிணறும் உவர்ந்துபோன உழவர்களின் நட்டத்தை எத்தனை பேர் பேசினோம்? சுத்திகரிப்புச் செலவு பெரும் பாரம் என்று இன்றும் என்னிடம் வந்து குறைகூறும் சகோதரர்கள் உண்டு. அவர்களை அமர்த்தி, வழியில் மடிந்த அக்குதிரைகளின் கணக்கைத்தான் சொல்லி வருகிறேன்.