ஜார் மன்னரின் படச்சுருள்

ரஷ்யப் புரட்சியைப் பேசாப்படமாகத் தந்தவர்களில் எஸ்ஃபிர் ஷூப் என்ற பெண்மணி சற்று வித்தியாசமானவர். பிறர் எடுத்த படங்களை வெட்டி ஒட்டியே பெயர் வாங்கியவர். 1926இல் லெனின்கிராட் நிலவறைகளில் கிடந்த பழைய செய்திச் சுருள்களைத் தேடிப் பிடித்தார். ஏறத்தாழ 60,000 மீட்டரைப் பார்த்து முடித்தார். ஜார் நிக்கோலஸ் தம் குடும்பத்துக்காக எடுக்கச் சொன்ன படங்களும் அவற்றில் இருந்தன. 1927இல் 'ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி' வெளிவந்தது.

கப்பல் தளத்தில் சீமாட்டிகளும் அதிகாரிகளும் வியர்க்க வியர்க்க ஆடுகிறார்கள். அடுத்து, ஏழைகள் வியர்வை சிந்தி மண் வெட்டுகிறார்கள். இரண்டும் உண்மைப் படங்கள்தாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தது ஷூப்பின் கத்தரிக்கோல். மன்னர் ஆசையாகச் சேர்த்த படமே அவர்மீது குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான், பிரச்சாரம்தான் என்பதையும் மறுக்க முடியாது.

அதே ஆண்டில் ஐசன்ஸ்டைன், குளிர்கால அரண்மனைத் தாக்குதலைப் பெருங்கூட்டத்தை வைத்து நடிக்க வைத்து, 'அக்டோபர்' படத்துக்காக எடுத்தார். 1917இல் அது அவ்வளவு பிரமாண்டமாக நடக்கவே இல்லை. ஆனால் பிற்கால ஆவணப்படங்கள் பலவற்றில் அந்த நடிப்பே நிஜப் புரட்சியாக ஓடியது. திரையில் 'இது நடிப்பு' என்று ஒரு வரி போட எத்தனை பேருக்கு மனம் வந்தது?