தோள் அடிபட்டால் ஒரு படம் போதாது
(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தமர்வில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



எக்ஸ்றே பிரிவில் பணியாற்றுபவள் என்ற முறையில் உங்கள் வீடுகளுக்குப் பயன்படும் ஒரு விடயத்தைச் சொல்ல விரும்புகிறேன். மோட்டார் சைக்கிள் ஓடும் பிள்ளைகளும் குளியலறையில் வழுக்கக்கூடிய வயதான பெற்றோரும் இல்லாத வீடு குறைவு. அவர்கள் விழும்போது அடிபடும் இடங்களில் ஒன்று தோள்.

தோள், நாம் விஞ்ஞான பாடத்தில் படித்த பந்துக்கிண்ண மூட்டு. ஆனால் அந்தக் கிண்ணம் நேரே பக்கவாட்டை நோக்கி இருப்பதில்லை. 30 முதல் 45 பாகை வரை முன்நோக்கித் திரும்பியிருக்கிறது. ஆகவே நேர் முன்புறப் படத்தில் பந்தும் கிண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தெரியும். மூட்டின் இடைவெளியைக் காண உடலைச் சற்றுத் திருப்பி எடுக்க வேண்டும்.

தோள் விலகல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவில் பந்து முன்பக்கம் விலகும். அது முன்புறப் படத்திலேயே தெரியும். சிக்கல், பின்பக்கம் விலகும் சிலரிடந்தான். வலிப்பு வந்தவர்களுக்கும் மின்சாரம் தாக்கியவர்களுக்கும் இது நேரக்கூடும். முன்புறப் படத்தில் பந்து இருந்த இடத்திலேயே இருப்பதுபோலத் தோன்றும். இவற்றில் பாதியளவு முதற் பரிசோதனையில் தவறிவிடுவதாக மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. பல வாரங்கள் "தோள் இறுகல்" என்று நினைத்து மருந்து பூசியபின் உண்மை தெரிந்தால், சத்திரசிகிச்சையின்றி மூட்டைச் சரிசெய்வது கடினம்.

இதனால்தான் இரண்டாவது கோணம் அவசியம். தோட்பட்டையைப் பக்கவாட்டில் எடுக்கும் படத்தில் அந்த எலும்பு ஆங்கில 'வை' எழுத்துப்போலத் தெரியும். அதன் கவரில் பந்து இருக்க வேண்டும். கையை அசைக்காமலே இதை எடுக்கலாம். கையைச் சற்று அகட்டி அக்குள் வழியாக எடுக்கும் படம், பந்து எந்தப் பக்கம் விலகியது என்பதையும் கிண்ணத்தின் விளிம்பு உடைந்திருப்பதையும் காட்டும். கையை அகட்டவே முடியாதவருக்கு, தூக்குக் கட்டைக் கழற்றாமல், உடலைப் பின்னால் சாய்த்து மேலிருந்து எடுக்கும் வெல்போ முறை 1967 முதல் மருத்துவ இதழ்களில் உள்ளது. அதன் பின்னும் ஐயம் இருந்தால் சீ.ரி. ஸ்கான் உதவும்.

நீங்கள் செய்யவேண்டியவை சில. படம் எடுப்பதற்கு முன் கையை இழுக்கவோ உருவவோ யாரையும் விடாதீர்கள். எப்படி விழுந்தார், வலிப்பு வந்ததா என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். "ஒரு படம் எடுத்தாயிற்றுத்தானே" என்று மறுக்காதீர்கள். தோள் படத்திற்கான கதிர்வீச்சு மிகச் சிறிது. மூட்டைப் பொருத்தியபின் எடுக்கும் படமும் தேவையானதே.

வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளே, ஊரிலிருந்து "அம்மா விழுந்திட்டா, படத்தில் ஒன்றுமில்லையாம்" என்று தொலைபேசி வந்தால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: முழங்கையை மடித்து உடலோடு வைத்தபடி முன்கையை வெளிப்பக்கம் திருப்ப முடிகிறதா? இரண்டாவது கோணத்திலும் படம் எடுத்தார்களா? இரண்டுக்கும் "இல்லை" என்றால், அன்றே மீண்டும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.

நூற்றாண்டு காணும் எங்கள் கல்லூரி அன்னை நீடு வாழ்க.